நாள்பட்ட நோயுள்ள பூனையைப் பராமரிக்கும் முறைகள்: விழுப்புரம், திண்டிவனம் பகுதி விவசாயிகளுக்கு

மார்கழிப் பட்டத்தில் விதைத்த நிலக்கடலை பங்குனி, சித்திரையில் வீடு வந்து சேரும். விலை ஏறட்டும் என்று மூட்டைகளை வீட்டுத் திண்ணையிலும் கொட்டகையிலும் அடுக்கி வைப்பவர்கள் திண்டிவனம், மயிலம், செஞ்சி, வானூர் பக்கம் நிறையப் பேர். டி.எம்.வி. 7 என்ற கடலை ரகத்தின் பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. அந்த அளவுக்கு இது கடலை பூமி. கடலை மூட்டை இருக்கும் இடத்துக்கு எலி வரும். எலிக்காக வளர்த்த பூனை, நாளடைவில் வீட்டில் ஒன்றாகிவிடும்.

மாடு தீவனம் எடுக்கவில்லை என்றால் அன்றே மருத்துவரை அழைக்கிறோம். பூனை இளைத்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் மாத்திரையிலோ மாட்டு மருந்திலோ கொஞ்சம் கொடுத்துப் பார்க்கிறோம். முதலாவதைவிட இரண்டாவதுதான் ஆபத்து. சிறுநீரகம் பழுதான பூனை நல்ல பராமரிப்பில் சில ஆண்டுகள்கூட வாழும். ஆனால் மனிதர்களுக்கான ஒரு பாராசிட்டமால் மாத்திரை அதை ஓரிரு நாளில் கொன்றுவிடும். எனவே நோய்க்கு என்ன கொடுப்பது என்பதற்கு முன்னால், எதைக் கொடுக்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பூனைக்கு ஆகாத வீட்டு மருந்துகள்

பூனையின் கல்லீரல் மற்ற கால்நடைகளின் கல்லீரல் போன்றதல்ல. சில வகை மருந்துகளையும் ரசாயனங்களையும் முறித்து வெளியேற்றும் திறன் அதற்கு மிகக் குறைவு. மாட்டுக்கும் நாய்க்கும் ஒத்துக்கொள்ளும் பொருள் பூனைக்கு நஞ்சாவது இதனால்தான். நோயால் இளைத்த பூனைக்கு இன்னும் சிறிய அளவே போதும்.

பாராசிட்டமால்: காய்ச்சல் என்று நினைத்து 500 மி.கி. மாத்திரையில் கால் பாகம், அரைப் பாகம் கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. 3 கிலோ பூனைக்கு அதுவே உயிருக்கு ஆபத்தான அளவு. முகமும் பாதமும் வீங்கும், ஈறு பழுப்பு நிறமாகும், மூச்சு வாங்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாக வரும். தெரியாமல் யாராவது கொடுத்துவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு. சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது.

வலி மருந்துகள்: டைக்ளோபெனாக், இபுபுரூபன், ஆஸ்பிரின் ஆகியவை பூனையின் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும். கால்நடைகளுக்கு டைக்ளோபெனாக் பயன்படுத்துவது 2006-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இறந்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததே அதற்குக் காரணம். மாட்டுக்கு வாங்கிய மெலாக்சிகாம் ஊசியையும் மருத்துவர் சொல்லாமல் பூனைக்குப் போடக் கூடாது.

உண்ணி மருந்துகள்: மாட்டின் மீது தெளிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ் ஆகியவற்றைப் பூனையின் மீது தடவக் கூடாது. பெர்மெத்ரின் கலந்த நாய்ப் பவுடரும் கூடாது. மாட்டுக்குத் தெளித்த அன்று, மருந்து காயும்வரை பூனையைத் தொழுவத்துக்குள் விடாதீர்கள். மருந்து பட்ட பூனைக்கு எச்சில் ஒழுகும், தசை துடிக்கும், வலிப்பு வரும். உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றி மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

ஐவர்மெக்டின் ஊசி: சொறி பிடித்த பூனைக்கு மாட்டு ஊசியில் கொஞ்சம் போடுவது இன்னொரு பழக்கம். கணக்கைப் பாருங்கள். 1 சதவீத மருந்தில் 1 மி.லி. என்பது 50 கிலோ எடைக்கு உரிய அளவு. 3 கிலோ பூனைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போட்டாலே கூடிவிடும். சாதாரண சிரிஞ்சில் இந்த அளவைக் கண்ணால் பார்த்து எடுக்க முடியாது. குட்டிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மருத்துவர் எடை போட்டு, அளந்து போட வேண்டிய மருந்து இது.

பினாயில், கற்பூரத் தைலம், யூகலிப்டஸ் தைலம், மண்ணெண்ணெய், கலக்காத வேப்பெண்ணெய் ஆகியவையும் ஆகாது. உடம்பில் பட்டதையெல்லாம் பூனை நக்கிவிடும். தோலுக்குத் தடவியது வயிற்றுக்குத்தான் போகிறது. பூனை படுக்கும் இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிட்டால் போதும்.

எலி மருந்து வைக்கும் வீட்டில்

நோயுள்ள பூனையால் ஓடும் எலியைப் பிடிக்க முடியாது. விஷம் தின்று தள்ளாடும் எலியை அது சுலபமாகப் பிடித்துவிடும். அதனால் நோயாளிப் பூனை இருக்கும் வீட்டில் எலி மருந்து இரட்டை ஆபத்து.

கேக் வடிவில் கிடைக்கும் புரோமாடியலோன் இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சு. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் நடமாடும். அதைத் தின்ற பூனை சில நாள் கழித்துச் சோர்ந்து படுக்கும். ஈறு வெளுக்கும், மூக்கில் இரத்தம் வரலாம், வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் இரத்தம் கசியும். இதற்கு வைட்டமின் கே1 நல்ல மாற்று மருந்து. ஆனால் மூன்று, நான்கு வாரம் தொடர்ந்து கொடுக்க வேண்டும். பூனை எழுந்து நடக்கிறது என்று நாலாம் நாளே நிறுத்தினால் மறுபடியும் இரத்தம் கசியத் தொடங்கும்.

துத்தநாக பாஸ்பைடு வேறு வகை. வயிற்று அமிலத்தில் பட்டதும் நச்சு வாயு உண்டாகும். மாற்று மருந்து கிடையாது. பால், முட்டை, சோறு கொடுத்தால் அமிலம் சுரந்து வாயு கூடும். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் தவறு. எதுவும் கொடுக்காமல், மருந்து அட்டையையோ பாக்கெட்டையோ கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

கடலை மூட்டைகளைச் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி, மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். சிந்திய பருப்பைத் தினமும் பெருக்குங்கள். வீட்டுக்குள் பொறி வையுங்கள். வயலில் தஞ்சாவூர் கிட்டியும், ஆந்தை உட்கார ‘டி’ வடிவக் கம்பும் போதும். வயலில் மருந்து வைத்தே ஆகவேண்டும் என்றால், வளைக்குள் வைத்து வாயை மண்ணால் மூடுங்கள். இரண்டு வாரம் வரை காலையில் வரப்பைச் சுற்றிப் பார்த்து, செத்த எலிகளைப் புதையுங்கள். அந்த நாட்களில் பூனையை வீட்டுக்குள்ளேயே கட்டிப்போடாமல் அடைத்து வைத்து, வயிறு நிறையச் சோறு போடுங்கள்.

நாள்பட்ட நோயை அடையாளம் காண்பது

பூனை வலியைக் காட்டாது. மூலையில் போய் ஒடுங்கும், மயிர் சிலிர்த்து நிற்கும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தும். இதைப் பார்க்கும் நேரத்தில் நோய் முற்றியிருக்கும். எனவே இரண்டு விஷயங்களை எண்ணிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள்: எடை, தண்ணீர்.

எடைக்கு, காய்கறி நிறுக்கும் கொக்கித் தராசு போதும். பூனையைத் துணிப் பைக்குள் விட்டுத் தொங்கவிட்டு, பையின் எடையைக் கழியுங்கள். நம்மூர் நாட்டுப் பூனை பெரும்பாலும் இரண்டரை முதல் நான்கு கிலோ இருக்கும். மூன்று கிலோ பூனை ஒரு மாதத்தில் 300 கிராம் இறங்கினால் அது பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ மனிதர் 6 கிலோ இறங்கியதற்குச் சமம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை நிறுத்து, பால் கணக்கு நோட்டிலேயே ஓர் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

தண்ணீருக்கு, பூனையை ஒரு நாள் அறைக்குள் அடைத்து, காலையில் அளந்து 500 மி.லி. ஊற்றி மறுநாள் மீதியை அளங்கள். வெளியே விட்டால் மாட்டுத் தொட்டியில் குடித்துவிடும், கணக்குத் தவறும். பூனைக்கு எட்டாத இடத்தில் அதே போன்ற இன்னொரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால், ஆவியாகப் போனது எவ்வளவு என்றும் தெரிந்துவிடும். கிலோவுக்கு 100 மி.லி.க்கு மேல், அதாவது மூன்று கிலோ பூனை 300 மி.லி.க்கு மேல் குடித்தால் அது இயல்பல்ல.

அதிகம் குடித்து, அதிகம் சிறுநீர் கழித்து, இளைக்கும் வயதான பூனைக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும்: சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், தைராய்டு மிகை. பசி குறைந்து இளைத்தால் சிறுநீரகத்தைச் சந்தேகியுங்கள். நன்றாகத் தின்றும் இளைத்தால் மற்ற இரண்டையும் சந்தேகியுங்கள். உறுதி செய்ய இரத்தப் பரிசோதனை தேவை. பார்த்துச் சொல்ல முடியாது.

இதில் சேராத அவசரம் ஒன்று உண்டு. கடுவன் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது வரவேயில்லை, கத்துகிறது என்றால் அது மலச்சிக்கல் அல்ல. சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கிறது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

உணவு

தயிர்ச் சோறும் பால் சோறும் மட்டும் சாப்பிட்டு வளரும் பூனைகள் நம் கிராமங்களில் ஏராளம். எலி பிடித்துத் தின்னும்வரை அது நிற்காமல் ஓடும். நோய் வந்து வேட்டை நின்றதும் குறை வெளியே தெரியும். டாரின் என்ற சத்து பூனைக்கு இறைச்சி, மீன் போன்றவற்றிலிருந்துதான் கிடைக்க வேண்டும். சோற்றிலும் பருப்பிலும் இல்லை. அது இல்லாவிட்டால் கண் பார்வை போகும், இதயம் தளர்ந்து வீங்கும். சைவ வீடாக இருந்தால் டாரின் சேர்த்த பூனைத் தீவனத்தைக் கடையில் வாங்கிக் கொடுக்கலாம்.

மரக்காணம் பக்கத்திலிருந்து வரும் மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் மீனையே தினமும் போடுபவர்களும் உண்டு. மீனை வேகவைத்து, முள் எடுத்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுப்பது நல்லது. சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் பி1 வைட்டமின் குறைந்து கழுத்து தொங்கிவிடும். கருவாடு வேண்டவே வேண்டாம். அதில் உப்பு அதிகம். கோழி ஈரலைத் தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்து எலும்புகள் இறுகும். வாரத்துக்கு ஒரு சிறு துண்டு போதும். குழம்பு ஊற்றிய சோறு கூடாது. சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆகும். நோயுள்ள பூனைக்கு அது உடம்பில் இருக்கும் தண்ணீரையும் இழக்க வைக்கும்.

எந்த நோயாக இருந்தாலும் ஒரு விதி மாறாது. பூனை தொடர்ந்து இரண்டு நாள் எதுவும் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. பட்டினி கிடக்கும் பூனையின் கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து மஞ்சள் காமாலை வரும். கொழுத்த பூனைக்கு இது சீக்கிரம் வரும். உணவை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். மணம் எழுந்தால்தான் பூனை தின்னும். சளி பிடித்து மூக்கடைத்த பூனைக்கு இது மிக முக்கியம்.

சிறுநீரகக் கோளாறு

சிறுநீரகம் மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகே சிறுநீர் நீர்த்துப் போவது தெரியும். நான்கில் மூன்று பங்கு கெட்ட பிறகே இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும். கெட்ட பகுதி திரும்ப வளராது; மீதியைக் காப்பாற்றுவதுதான் வைத்தியம். பரிசோதனைச் சீட்டில் கிரியாட்டினின் 1.6-க்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டிய நிலை. 2.9 முதல் 5 வரை நடுத்தர, கடுமையான பாதிப்பு. 5-க்கு மேல் முற்றிய நிலை. ஒரே ஒரு சீட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். தண்ணீர்ச் சத்து வற்றிய பூனைக்கும் இந்த எண் ஏறிக் காட்டும், நீர் ஏற்றியதும் இறங்கும்.

தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வதே வீட்டில் செய்யக்கூடிய பெரிய வைத்தியம். வீட்டில் மூன்று நான்கு இடங்களில் அகலமான மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். சோற்றுத் தட்டுக்கு ஒட்டி வைத்தால் பல பூனைகள் குடிக்காது. உப்பு, மசாலா இல்லாமல் கோழி வேகவைத்த தண்ணீரை உணவில் ஊற்றிக் கொடுங்கள். பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. மருத்துவர் சொன்னால் ரிங்கர் லாக்டேட் திரவத்தைத் தோலுக்கு அடியில் வீட்டிலேயே ஏற்றலாம். அதை ஒரு முறை அவர் கண் முன்னால் செய்து பழகிக்கொண்டு வந்து செய்யுங்கள். ஆட்டுக்கு ஊசி போட்டுப் பழகியவருக்கு இது கடினமில்லை.

உணவில் பாஸ்பரஸைக் குறைக்க வேண்டும். எலும்பு, ஈரல், கருவாடு, முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றில் அது அதிகம். முட்டை வெள்ளைக் கருவில் குறைவு. மூன்று கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு, எலும்பில்லாத வெந்த கோழி 60 கிராம், குழைந்த சோறு 40 கிராம், ஒரு முட்டையின் வெந்த வெள்ளைக் கரு, ஒரு தேக்கரண்டி எண்ணெய். இதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இது சில வாரங்களுக்கு ஆகும். மாதக் கணக்கில் கொடுப்பதானால் கால்சியமும் டாரினும் எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரக நோய்க்கென்றே விற்கும் தீவனம் நகரக் கடைகளில் கிடைக்கும், விலை அதிகம். ஆனால் அதைத் தொடாமல் பட்டினி கிடக்கும் பூனையைவிட, சாதாரண உணவைத் தின்னும் பூனை நல்ல நிலையில் இருக்கும்.

சர்க்கரை நோய்

பின்னங்கால் குதிகால் தரையில் படும்படி பூனை நடந்தால் சர்க்கரையைச் சந்தேகியுங்கள். இதற்குச் சோறு கூடாது. இறைச்சியும் முட்டையும் மட்டும். சிறுநீரகப் பூனைக்குச் சொன்னதற்கு நேர்மாறு, கவனியுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பூனை இருந்தால் தட்டும் தனியாக இருக்க வேண்டும்.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இன்சுலின் போட வேண்டியிருக்கும். காலையில் பால் கறக்கும் நேரம், மாலையில் பால் கறக்கும் நேரம் என்று வைத்துக்கொண்டால் தவறாது. கவனிக்க வேண்டியது சிரிஞ்சு. நம் மருந்துக் கடைகளில் 1 மி.லி.க்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் 100 யூனிட் உள்ளதும் விற்கின்றன. 40-க்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். பூனைக்கு ஒரு வேளைக்கு 1 யூனிட் அளவில் தொடங்குவதே வழக்கம் என்பதால் இந்தத் தவறு உயிரைக் குடிக்கும். பூனை சாப்பிடவில்லை என்றால் வழக்கமான அளவைப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். தள்ளாடினால், வலிப்பு வந்தால், சர்க்கரைக் கரைசலையோ தேனையோ ஈறில் தடவிவிட்டு உடனே புறப்படுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும்.

ஆரம்பத்திலேயே இன்சுலின் தொடங்கி, மாவுச்சத்தை நிறுத்தினால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வரும். மனிதர்களின் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து அந்தக் காலத்தை வீணாக்காதீர்கள்.

வாய்ப்புண்ணா, வெறிநோயா?

தட்டுக்கு ஆசையாக வரும், ஒரு வாய் வைத்ததும் கத்திக்கொண்டு ஓடும், எச்சில் ஒழுகும், வாயை முன்னங்காலால் தட்டும், நாற்றமடிக்கும். மாதக் கணக்கில் இப்படி இருந்தால் அது ஈறும் தொண்டையும் புண்ணாகும் நாள்பட்ட நோய். ஊசி போட்டால் கொஞ்ச நாள் அடங்கும், திரும்ப வரும். பல பூனைகளுக்குப் பற்களை எடுப்பதே நிலையான வைத்தியம். பல் இல்லாத பூனை மென்மையான உணவை நன்றாகத் தின்னும், பயப்பட வேண்டாம்.

ஆனால் எச்சில் ஒழுகுவது திடீரென்று தொடங்கியிருந்தால், குரல் மாறியிருந்தால், தண்ணீர் விழுங்க முடியாவிட்டால், சாதுவான பூனை சீறிப் பாய்ந்தால், மீன் முள் சிக்கியிருக்கிறது என்று விரலை வாய்க்குள் விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். நாய்க்கு மட்டுமே வெறி வரும் என்று நினைப்பது தவறு. பூனைக் கடியாலும் பிராண்டலாலும் மனிதர்களுக்கு வரும், வந்தபின் பிழைக்க வழியில்லை. கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். தடுப்பூசி இலவசம். சொன்ன நாட்களில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். சுண்ணாம்பும் மிளகாய்த் தூளும் வைத்துக் கட்டுவது வேண்டாம். பூனைக்கு மூன்று மாத வயதிலும், பிறகு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். நாள்பட்ட நோயுள்ள பூனைக்கு எப்போது போடலாம் என்று மருத்துவர் சொல்வார். போடாமலே விட்டுவிடக் கூடாது.

தோல் நோய், சளி

காது ஓரத்தில் தொடங்கி முகம் முழுதும் தடித்த பொருக்காக வருவது சொறி. வட்டமாக மயிர் உதிர்வது படர்தாமரையாக இருக்கலாம், குழந்தைகளுக்கும் ஒட்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிவது வருடத்துக்கு நாலைந்து முறை திரும்பத் திரும்ப வந்தால் அது உடம்பிலேயே தங்கும் பூனைச் சளி வைரஸ். இடம் மாற்றினால், புதுப் பூனை வந்தால், குளிர் அடித்தால் தலைதூக்கும். வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, கதகதப்பான இடம் கொடுங்கள். கடுவனுக்குக் கருத்தடை செய்துவிட்டால் சண்டைக் காயமும், கடியால் பரவும் எதிர்ப்புச் சக்திக் குறைவு நோயும் குறையும். அந்த நோய் மனிதருக்கு ஒட்டாது.

ஆடு வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூனை மலத்தில் வரும் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி சினை ஆடுகளில் கரு கலையச் செய்யும். பூனை தீவனப் போரிலும் தவிட்டுத் தொட்டியிலும் மலம் கழிக்காதபடி மூடி வையுங்கள். பூனைக்கு மணல் தட்டு வைத்துத் தினமும் சுத்தம் செய்யுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

மருந்து கொடுப்பது

பூனையைத் துண்டில் இறுகச் சுற்றி, தலை மட்டும் வெளியே இருக்கப் பிடித்து, மாத்திரையை நாக்கின் அடியில் அல்ல, நாக்கின் பின்பகுதியில் வையுங்கள். கொடுத்ததும் ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாக மெதுவாக விடுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாகிவிடும். மாட்டுக்கு ஊற்றுவது போல மூங்கில் குழாயில் கஷாயம் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

எங்கே காட்டுவது?

முதலில் உங்கள் ஊர் கால்நடை மருந்தகம். பரிசோதனை தேவைப்பட்டால் விழுப்புரம், திண்டிவனம் அரசு கால்நடை மருத்துவமனைகள். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பல் அறுவை என்றால் புதுச்சேரி குரும்பாப்பட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம். அடுத்தது 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. 1962 என்ற எண்ணில் வரும் நடமாடும் ஊர்தி முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது. பூனையின் அவசரத்துக்கு அதற்காகக் காத்திராமல் நீங்களே கொண்டு போங்கள். காற்றுப் போகும் பிளாஸ்டிக் கூடை இரண்டை வாய்க்கு வாய் கவிழ்த்துக் கட்டினால் பஸ்ஸில் கொண்டு போகக் கூண்டு தயார். எடை நோட்டையும், கொடுத்த எல்லா மருந்தின் அட்டையையும் எடுத்துப் போங்கள். வீட்டில் கொடுத்த மருந்தை மறைக்காதீர்கள். அது தெரியாமல் மருத்துவர் போடும் அடுத்த ஊசி கெடுதலாகலாம்.

வெயிலும் மழையும்

கத்திரி வெயிலில் தகரக் கொட்டகை சிறுநீரகப் பூனைக்கு ஆகாது. ஈரச் சாக்கு விரித்த சிமெண்ட் தரை போதும். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. சாலையும் மின்சாரமும் நின்ற அந்த மாதிரி நாட்களுக்காக, ஐப்பசி பிறந்ததும் 15 நாளுக்கான மருந்தை வாங்கி, தண்ணீர் புகாத டப்பாவில் உயரத்தில் வையுங்கள். இன்சுலின் உறையவும் கூடாது, சூடேறவும் கூடாது. கரண்ட் இல்லாதபோது, ஈர மணல் நிரப்பிய பெரிய பானைக்குள் சிறிய பானையை இறக்கி, அதற்குள் மூடி வைத்தால் தாங்கும்.

முடியாத நிலை

உணவும் நீரும் மறுத்து, எழ முடியாமல், வைத்தியத்துக்கும் தேறாத பூனையைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விடுவதோ விஷம் வைப்பதோ கொடுமை. வலியில்லாமல் உறங்க வைக்கும் ஊசியைக் கால்நடை மருத்துவர் போடுவார். கேட்கத் தயங்க வேண்டாம், அவர்கள் தவறாக நினைப்பதில்லை. அந்த ஊசி போட்ட உடலையும், எலி மருந்தால் இறந்த உடலையும் நாயும் காக்கையும் தின்றால் அவற்றுக்கும் ஆபத்து. கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, மூன்று அடிக்குக் குறையாமல் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்து, மேலே கல் வையுங்கள்.